காட்சிப் புலத்தின் வரலாறும் கோணமலைக் கடலும்

மெய்ந்நிகர் உலகம் எனப்படும் தோற்ற உலகினைக் கண்ணெதிரே அமைத்துக் காட்டும் தலையணிக் கருவி ஒன்றை அண்மையில் வகுப்பிற்குக் கொண்டுவந்து மாணவர்க்குக் காட்டும் வாய்ப்பு இக்கட்டுரையாளனுக்குக் கிட்டிற்று. கடலடியிற் பவளப் பாறைகளினிடையே நீந்திச் செல்வது போன்ற காட்சி அதிற் புலனாயிற்று. மாணவர் பலரும் வியந்தனர். கைநீட்டி மீனைத் தொட முயன்றோரும் உளர். கரையோரக் குடும்பமொன்றிலிருந்து வருபவனும், தந்தையோடு கடலிற் சுழியோடிப் பழகியவனுமான மாணவன் ஒருவன் மட்டும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "சேர், இது உண்மையிலேயே கடலுக்கடியில் நிற்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் படத்தினால் அல்ல, சுற்றிவரத் தெரிகிற கறுப்பினால்" என்றான். சுழியோடிகள் முகத்தில் அணியும் கண்ணாடியின் விளிம்பைத்தான் அவன் குறிப்பிட்டான்.

அவன் கூற்றை அப்போது நகைத்துக் கடந்தோம். பின்னர் ஆராய்ந்தவிடத்து, அக்கறுப்பு விளிம்பிற்கு நீண்டதொரு வரலாறு உண்டென்பதும், அவ்வரலாற்றின் ஒரு கிளை நமது சுவாமிமலையின் அடிவாரத்துக் கடலிலேயே நிகழ்ந்ததென்பதும் தெரியவந்தன. அவற்றைக் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சிப் புலம் என்பது யாது? தலையையும் கண்ணையும் அசையாது நிறுத்திய நிலையில் ஒருவனுக்கு எவ்வளவு அகலமும் உயரமும் ஒருங்கே புலனாகின்றனவோ அவ்வளவே அவனது காட்சிப் புலம். அது தூரத்தால் அளக்கப்படுவதன்று. கோணத்தால், அஃதாவது பாகையால், அளக்கப்படுவது. மனிதனின் ஒரு கண் மூக்கின் பக்கமாக ஏறக்குறைய 60 பாகையும், நெற்றிப்பொட்டின் பக்கமாக ஏறக்குறைய 100 பாகையும் காணும். இரு கண்களும் சேர்ந்தால் கிடையாக ஏறக்குறைய 200 பாகை. நிலைக்குத்தாக ஏறக்குறைய 130 பாகை. இவற்றுள் நடுவே உள்ள 120 பாகையளவே இரு கண்களுக்கும் பொதுவானது. பொருளின் ஆழத்தை இருகண் ஒப்பீட்டினால் அறிவது இப்பொதுப் பகுதியிலேயே நிகழும். நுண்ணிய எழுத்தைப் படிக்கத்தக்க கூர்மையோ நடுவில் இரண்டு பாகைக்கு மேல் இல்லை. கையை நீட்டிப் பிடித்தாற் கட்டைவிரல் நகம் மறைக்கும் இடம் அவ்வளவே. எஞ்சிய பரப்பெல்லாம் மங்கலான காட்சிதான். ஆயினும் அம்மங்கலே நாம் ஓரிடத்தில் "இருக்கின்றோம்" என்னும் உணர்வைத் தருவது. இதனைச் சோதிக்க விரும்புவோர் இரு கைகளையும் குவித்துக் கண்களின் இருபுறமும் வைத்துக்கொண்டு, நெரிசலான கடைத்தெருவிற் பத்தடி நடந்து பார்க்கட்டும். எதிரே வருவன அனைத்தும் தெளிவாகத் தெரியும். இருந்தும் கால் தடுமாறும்.

கோட்டை கட்டியோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். பிரடெரிக் கோட்டை என இன்று வழங்கும் கோட்டையின் தொடக்கம் போர்த்துக்கேயர் காலத்தது. 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இதனை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1795இற் பிடித்து, 1803இல் யோர்க் கோமகன் பிரடெரிக்கின் பெயரை இட்டனர். கோட்டை வாயிற் கல்லிற் பொறித்த இணைக் கயல்களை இன்றும் காணலாம். தடித்த மதில்களிற் பீரங்கிக்கென விடப்படும் துளைகள் உட்புறம் குறுகியும் வெளிப்புறம் விரிந்தும் அமைதல் அக்காலக் கோட்டைக் கலையின் மரபு. ஏன் அவ்வாறு? ஒன்றரை அடி அகலமான துளை ஒன்றைக் கற்பனை செய்க. அதிலிருந்து ஓரடி தூரத்திற் கண்ணை வைத்துப் பார்ப்பவனுக்கு ஏறக்குறைய 74 பாகை அகலம் வெளியே தெரியும். ஐந்தடி பின்னே நின்று பார்ப்பவனுக்கு 17 பாகையே தெரியும். துளை மாறவில்லை, கண்ணின் தூரமே மாறிற்று. மதில் தடித்திருந்தால் துளையின் பக்கச் சுவரும் காட்சியை மேலும் அரியும். அதனாலேயே வெளிப்புறத்தைச் சரித்து விரித்தனர். இச்சிறு கணக்கை வாசகர் நினைவிற் கொள்க. இருபத்தோராம் நூற்றாண்டின் தலையணிக் கருவியிலும் இதே கணக்கு மீண்டும் வரும்.

திருக்கோணமலைத் துறைமுகத்திற்கு இன்னொரு வகையிலும் காட்சிப் புலச் சிக்கல் உண்டு. உட்துறைமுகம் மலைகளாலும் முனைகளாலும் மறைந்து கிடப்பது. கப்பலுக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் அதே காரணத்தால் ஓரிடத்தில் நின்று துறைமுகம் முழுவதையும் ஒருவன் கண்டுவிட இயலாது. சுவாமிமலையில் நிற்பவனுக்குக் கீழ்க்கடல் தெரியும். துறைமுக வாயிலைக் காக்க ஒஸ்ரன்பேர்க் முனையில் வேறொரு கோட்டை வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கி 1814இற் சென்னையில் இறந்த சர் சாமுவேல் ஹூட்டின் பெயரைத் தாங்கிய நோக்குக் கோபுரமும் அம்மேட்டிலேயே எழுந்தது. உயரம் தூரத்தைத் தரும். கடல் மட்டத்திலிருந்து நூறு மீற்றர் உயரத்தில் நிற்பவனுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீற்றருக்கு அப்பாற் செல்லும். ஆனால் உயரம் அகலத்தைத் தராது. தொலைநோக்கியோ அகலத்தைப் பறித்தே தெளிவைத் தருவது. கண்வில்லையில் 40 பாகை அகலமாகத் தோன்றும் தொலைநோக்கி பொருளை இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாயின், அதனுட் கடலின் இரண்டு பாகையே அடங்கும். அதனாற் காவலாளி வெறுங் கண்ணால் முதலிற் பரவலாகப் பார்த்து, ஐயமுற்ற இடத்தையே குழாயால் நோக்குவான். 1782ஆம் ஆண்டு ஓகத்து இறுதியிற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சஃப்ரன் இக்கோட்டைகள் இரண்டையும் கைப்பற்றினான். சில நாள் கழித்து வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ், அவை தம்மவர் கையிலேயே உள்ளன என்னும் எண்ணத்தோடு அணுகி, கோட்டையிற் பறந்த பிரெஞ்சுக் கொடியைக் கண்டே நிகழ்ந்ததை உணர்ந்தான். செப்ரெம்பர் 3ஆம் நாட் போர் அதன் பின்னரே மூண்டது. தொலைநோக்கியின் சிறு வட்டத்துள் அகப்பட்ட ஒரு கொடித்துணி போர்த்திட்டத்தையே மாற்றிவிட்டது எனலாம்.

அகலமான காட்சியை ஆக்கித் தரும் முயற்சி, போர்க்களத்தினின்று கேளிக்கைக் கூடத்திற்குச் சென்றதும் அதே காலத்திலேயாம். றொபேட் பாக்கர் என்னும் ஓவியர் 1787இற் சுற்றோவியத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். வட்டமான மண்டபத்தின் உட்சுவர் முழுவதும் ஒரே ஓவியம். பார்வையாளர் நடுமேடையில் நிற்பர். ஓவியத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கூரையாலும் மேடையாலும் மறைக்கப்படும். இம்மறைப்பே பாக்கரின் நுண்ணறிவு. விளிம்பு தெரியுமாயின் அது படம். விளிம்பு தெரியாதாயின் அது இடம். 1793இல் இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் இதற்கெனவே வட்ட மண்டபம் திறக்கப்பட்டது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணத்துப் போரை றொபேட் கேர் போர்ட்டர் என்பார் 1800இல் ஏறக்குறைய 120 அடி நீளத் துணியில் வரைந்து அந்நகரிலேயே காட்டினார். போரை நேரிற் கண்டவரல்லர் அவர். கண்டார் கூறக் கேட்டு வரைந்தவர். காவிரிக் கரையின் அழிவை இலண்டன் மாந்தர் பணம் கொடுத்து நின்று சுற்றிப் பார்த்தனர். அகலமான காட்சி மெய்யான காட்சியாகிவிடாது என்பதற்கு இதனினும் பழைய சான்று தேடவேண்டியதில்லை.

சுற்றோவியத்தில் அகலம் இருந்தது, ஆழம் இல்லை. ஆழத்தை அளித்தவர் சாள்ஸ் வீற்ஸ்ரன். 1838இல் இருகண் காட்சியின் தத்துவத்தை விளக்கி, கண்ணாடிகளால் இயங்கும் இருபடங் காட்டியை அவர் வெளிப்படுத்தினார். டேவிட் புறூஸ்ரர் 1849இல் வில்லைகளைக் கொண்டு அதனைச் சிறு பெட்டியாக்கினார். அமெரிக்க மருத்துவர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் 1861இற் கைப்பிடியோடு கூடிய மலிவான வடிவை அமைத்தார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்கள் இலங்கைக் காட்சிகளையும் இவ்வகை இரட்டைப் பட அட்டைகளாக விற்றன. பழைய வீடுகளின் அலுமாரிகளில் அவை இன்னும் கிடைத்தல் கூடும்; கிடைத்தால் எறிந்துவிட வேண்டா. ஆனால் அவ்வட்டையின் ஒவ்வொரு படமும் மூன்று அங்குலம் அகலமே. ஏழெட்டு அங்குலத் தூரத்திலிருந்து பார்ப்பதனால் அதன் புலம் முப்பது பாகையை எட்டாது. ஆழம் வந்தது, அகலம் போயிற்று. இவ்விரண்டையும் ஒன்றிற் சேர்க்க மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

இடையில் உலகப் போர் வந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. அன்றே மட்டக்களப்பிற்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுகளாக இத்துறைமுகத்தின் பீரங்கிகள் கடலின் கிடைக்கோட்டை நோக்கியிருந்தன; பகைவனோ வானிலிருந்து, எப்பக்கத்திலிருந்தும் வரத் தலைப்பட்டான். விமானத்தைச் சுடும் வீரனுக்கு நேரே தெரிவதைவிட ஓரக்கண்ணில் அசைவதை உணர்தலே உயிர் காப்பது. அதனைப் பயிற்றுவிக்க அமெரிக்கப் படையினர் கையாண்டது பிரெட் வாலர் என்பாரின் கருவி. ஐந்து படவீழ்த்திகள், கோளத்தின் துண்டு போன்ற குழிந்த திரையில், நாற்புறமும் பறக்கும் விமானங்களைக் காட்டின. பயிலும் வீரர் பொய்த் துப்பாக்கியால் அவற்றைச் சுட்டனர். குண்டு பட்டதா என்பதைக் கருவி கணக்கிட்டது. (இவ்வாலரே 1925இல் நீர்ச்சறுக்குப் பலகைக்கு உரிமைப் பட்டயம் பெற்றவர் என்பது ஒரு சுவையான செய்தி.) ஆழத்தை உணர்த்த இரட்டைப் படம் மட்டும் போதாது, ஓரக்காட்சி நிரம்பினால் மனம் தானே ஆழத்தை வருவித்துக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. போருக்குப் பின் 1952இல் அவர் வெளியிட்ட சினராமா என்னும் அகன்ற சினிமா மூன்று படவீழ்த்திகளால் 146 பாகை வளைந்த திரையை நிரப்பிற்று. திரையில் உருளும் வண்டி பள்ளத்திற் பாய்கையில் இருக்கையில் அமர்ந்திருந்தோர் வயிற்றைப் பற்றிக்கொண்டனர்.

இனி நம் கடலுக்கு வருவோம். விஞ்ஞானக் கதையாசிரியர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்து, இத்தீவின் கடல்களிற் சுழியோடினர். அவ்வாண்டிற் சுவாமிமலையின் அடியிற் கடலுள் மூழ்கிப் பார்த்தபொழுது செதுக்கிய தூண்களும் கட்டடக் கற்களும் பாறைகளினிடையே சிதறிக் கிடக்கக் கண்டனர். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் எச்சங்கள் அவை என்பதில் ஐயமில்லை. கிளார்க் இவ்வனுபவங்களை 1957இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். வில்சன் கோணமலைக் கடலிற் படம்பிடித்த காட்சிகளோடு 1962இல் "ரன்முத்து தூவ" என்னும் திரைப்படத்தை இயக்கினார். இலங்கையின் முதலாவது முழுநீள வண்ணப்படம் அதுவே. கடலடியினின்று மீட்ட இலிங்கமொன்று மலையுச்சிக் கோயிலுக்கு மீண்டது என்பர். 1963இல் அங்குப் புதிய கோயிலின் கும்பாபிடேகம் நிறைவேறிற்று.

இன்னொரு பொருத்தம். கிளார்க்கின் "நகரமும் விண்மீன்களும்" எனப் பொருள்படும் நாவல் வெளிவந்ததும் 1956ஆம் ஆண்டிலேயாம். அந்நாவலின் எதிர்கால மாந்தர், உடல் ஓரிடத்திற் கிடக்க, பொறியினால் ஆக்கப்பட்ட வேறோர் உலகிற் புகுந்து கூட்டாக விளையாடுகின்றனர். மெய்ந்நிகர் உலகத்தைக் கதையில் எழுதியவரும், நீர்க்கடியிற் கண்ணாடி வழியே கோயிற் தூணைக் கண்டவரும் ஒருவரே. கதையிற் காட்சிக்கு விளிம்பு இல்லை. கடலில் இருந்தது.

சுழியோடியின் முகக் கண்ணாடி காட்சியை இருவகையாற் குறைக்கின்றது. முதலாவது, மதிற்துளைக் கணக்கு: கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்ட தூரமும் கண்ணாடியின் அகலமும். இரண்டாவது ஒளிமுறிவு. நீரின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.33. தட்டையான கண்ணாடியின் ஊடாக நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வெளிப்புறமாக வளைகின்றது. ஆகவே பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், மெய்யான தூரத்தின் முக்காற் பங்கிலும் தோன்றும். அப்பெருக்கத்திற்கு விலையாகப் புலம் சுருங்கும். தரையில் 90 பாகை அகலம் காட்டும் முகக் கண்ணாடி நீருக்குள் ஏறக்குறைய 64 பாகையே காட்டும். கண்ணாடியை எவ்வளவு அகலமாக்கினும், அது தட்டையாக இருக்கும் வரை, நீருக்குள் 97 பாகையைத் தாண்ட முடியாது. அவதிக்கோணம் 48 பாகைக்குச் சற்று மேற்பட்டது என்பதன் இருமடங்கே இவ்வெல்லை. பௌதிகம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த படக்கருவிக்கும் இதே விதிதான்.

இதன் விளைவை வரலாற்று மாணவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சுவாமிமலை அடிவாரத்திற் கடல் கொந்தளிப்பது. மணல் கலங்கிய நாளில் நீர்த்தெளிவும் குறைவு. அறுபது எழுபது பாகை அகலமுள்ள சாளரத்தினூடாக, சில மார் தூரத்திற்குள், ஒரு தூண், பின் ஒரு படிக்கல், பின் ஒரு பாறை என்று துண்டு துண்டாகவே சுழியோடி காண்கின்றான். பொருள்களின் அளவும் கண்ணுக்குப் பெரிதாகவே படுகின்றது. ஆகவே கடலடியிற் கோயில் "முழுதாக நிற்கின்றது" எனச் சிலர் ஆர்வத்தாற் கூறுவதை ஏற்பதற்கில்லை. அவ்வாறு முழுதாகக் கண்ட கண் எதுவும் இல்லை; காணத்தக்கதாக எதுவும் நிற்கவும் இல்லை. கண்டோர் கண்டவை சிதறிய கற்களே. அக்கற்கள் கோயிலினுடையவை என்பதே போதுமான சிறப்பு. அதற்கு மேற் கூறுவது வில்லையின் பெருக்கத்தோடு மனத்தின் பெருக்கத்தையும் சேர்ப்பதாகும்.

தலையணிக் கருவியின் வரலாறு கிளார்க் சுழியோடிய பத்தாண்டின் பின் தெளிவாகத் தொடங்குகின்றது. 1960இல் மோட்டன் ஹைலிக் என்பார் முகமூடி போன்ற இருகண் தொலைக்காட்சிக்கு அமெரிக்காவில் உரிமைப் பட்டயம் பெற்றிருந்தார். ஆனால் தலையின் அசைவிற்கேற்பக் காட்சியைக் கணிப்பொறியால் மாற்றிக் காட்டிய முதற் கருவி 1968இல் ஐவன் சதர்லாந்து அமைத்ததே. அதன் பாரத்தைத் தாங்கக் கருவி கூரையினின்று தொங்கவிடப்பட்டது. அதன் புலம் 40 பாகை. காட்டியவை கோடுகளாலான கனசதுரம் போன்ற எளிய உருவங்கள். ஆயினும் தலையைத் திருப்பினால் அவ்வுருவம் இருந்த இடத்திலேயே நின்றது. குறுகிய புலத்தையும் தலையசைவு ஓரளவு ஈடுசெய்யும் என்பதனை அது காட்டிற்று.

அகலத்தைக் கொணர்ந்தவர் எரிக் ஹௌலற். அவர் 1970களின் இறுதியில் நிழற்படங்களை அகன்ற இருகண் காட்சியாகக் காண்பதற்கே வில்லைத் தொகுதி ஒன்றை ஆக்கினார். அகன்ற புலம் தரும் வில்லை படத்தின் ஓரங்களைக் கோணலாக்கும். ஹௌலற் செய்த உபாயம் எளியது: படம் எடுக்கும் கருவியிலேயே அக்கோணலுக்கு எதிரான கோணலை உண்டாக்கினார், பார்க்கும் வில்லை அதனை நேராக்கிற்று. 1980களின் நடுவில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தினர் தம் தலையணிக்கு அவ்வில்லைகளையே எடுத்துக்கொண்டனர். பிற்காலத்தில் எதிர்க்கோணலைக் கணிப்பொறியே கணப்பொழுதில் வரைந்துவிடக் கற்றுக்கொண்டமையால் மலிவான எளிய வில்லையே போதுமாயிற்று. 2012இற் பாமர் லக்கி என்னும் இளைஞர் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தொடங்கிய ஒக்குலஸ் ரிஃப்ட் கருவியின் வெற்றிக்கு இதுவும் கைபேசித் திரைகளின் மலிவுமே பெருங் காரணங்கள்.

வில்லையும் ஒரு மதிற்துளையே. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லையிலிருந்து கண் 15 மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பின் 118 பாகை வரை காணலாம். 25 மில்லிமீற்றர் தூரம் சென்றாற் 90 பாகையே. மூக்குக் கண்ணாடி அணிந்தோர் தலையணியை நெருக்கி அணிய இயலாமையால் மற்றோரைவிடக் குறைவாகக் காண்பது இதனாலேயே. ஒரே கருவியை இருவர் அணிந்து "எனக்குக் கறுப்புத் தெரிகிறது", "எனக்குத் தெரியவில்லை" என்று வாதிட்டால் இருவரும் உண்மையே பேசுகின்றனர். இன்னொரு தடை மூக்கு. மனிதனின் கண்மணிகளுக்கிடையே சராசரி 63 மில்லிமீற்றர் தூரமே உண்டு. ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய திரையும் வில்லையும் உட்புறமாக விரிய இடமில்லை. அங்கே மற்றக் கண்ணுக்குரியவை நிற்கின்றன.

தடைகளுள் தலையாயது வேறொன்று. புலத்தை அகலமாக்கும்போது திரையின் புள்ளிகள் பரவி ஐதாகின்றன. கூரிய கண் பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 2013இல் வெளிவந்த முதல் ரிஃப்ட் கருவியில் ஒரு கண்ணுக்குக் கிடையாக 640 புள்ளிகளே இருந்தன. அவற்றை ஏறக்குறைய 90 பாகைக்குப் பரப்பினாற் பாகைக்கு ஏழு புள்ளிகள். காட்சி வலைக்கம்பியினூடாகப் பார்ப்பது போன்றிருந்தது என அணிந்தோர் குறைகூறினர். 200 பாகை அகலத்தையும் 130 பாகை உயரத்தையும் கண்ணின் கூர்மையோடு நிரப்புவதாயின், 12,000 புள்ளி அகலமும் 7,800 புள்ளி உயரமும் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஒன்பது கோடியே முப்பத்தாறு இலட்சம். தொலைநோக்கி ஏந்திய காவலாளிக்கு நேர்ந்த அதே பேரம் இது. 2016இல் வெளிவந்த கருவிகளும் 2023இல் வந்த குவெஸ்ற் 3 என்னும் கருவியும் 110 பாகை என்னும் அளவையே பேசின. இடைப்பட்ட ஆண்டுகளிற் புள்ளிகளே பெருகின. 200 பாகை என்று விளம்பரப்படுத்திய கருவிகளும் 2017 முதல் இல்லாமலில்லை. பருமனும் விலையும் அவற்றிற்குத் தடையாயின. வாங்குவோர் ஒன்றை வினவுதல் நன்று: கூறப்படும் பாகை கிடையாக அளந்ததா, மூலைக்கு மூலை அளந்ததா, ஒரு கண்ணுக்கா, இரு கண்ணுக்கா? ஒரே கருவிக்கு நான்கு விடையும் நான்கு எண்ணாக வரும்.

இனி, அகலம் கூடுதல் எப்பொழுதும் நன்மை என்று கொள்ளவும் இயலாது. ஓரக்காட்சி அசைய, உட்செவியோ உடல் அசையவில்லை என்று கூற, இரண்டும் முரண்பட்டு மயக்கமும் குமட்டலும் உண்டாகின்றன. சினராமா பார்த்தோர் வயிற்றைப் பற்றியதும் இதனாலேயாம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டசும் பைனரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அணிந்தவர் தோற்ற உலகில் நகரும்பொழுது மட்டும் காட்சியின் ஓரத்தை மெல்லக் கறுப்பாக்கிச் சுருக்கினால் மயக்கம் குறைகின்றது எனக் கண்டனர். நமது கடற்றொழிலாளர் மயங்கியவனைப் படகின் உட்புறத்தைப் பாராதே, தூரத்துக் கரையைப் பார் என்று கூறுவதும் இதற்கு அயலான அறிவன்று. எனவே, மாணவன் குறைகூறிய கறுப்பு, சிலபோது வேண்டுமென்றே இடப்படுவது.

இக்கருவியினால் இடிந்த கோணேசர் கோயிலை மீண்டும் எழுப்பிக் காட்டலாமே என ஆசிரியர் சிலர் கேட்கின்றனர். அழிந்த நகரங்களையும் கோயில்களையும் இவ்வாறு அமைத்துக் காட்டும் பணி பல நாடுகளில் நடைபெறுகின்றது. ஆசை நியாயமானதே. ஆனால் எதனைக் கொண்டு அமைப்பது? மலையில் மூன்று கோயில்கள் இருந்தன எனக் குவேரோஸ் பாதிரியார் எழுதினார். அவர் தம் நூலை முடித்தது 1687இல். கோயில் இடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கோட்டைச் சுவரிற் கற்கள் உள. வாயிலிற் கயல்கள் உள. 1950இற் கிணறு வெட்டுகையிற் கிடைத்த செப்புத் திருமேனிகள் உள. கடலடியிற் தூண்கள் உள. மண்டபத்தின் நீள அகலமோ, விமானத்தின் உயரமோ இவற்றாற் தெரியவருவதில்லை. ஓவியம் வரைபவன் தெரியாத பகுதியை வெறுமையாக விடலாம். தலையணிக் கருவியோ திரும்பிய திசையெல்லாம் ஏதேனும் காட்டியே ஆகவேண்டும். அதன் இயல்பே அது. சீரங்கப்பட்டணத்துச் சுற்றோவியம் வரைந்தவரைப் போல், அமைப்பவர் கேள்வியையும் கற்பனையையும் கொண்டு இடைவெளியை நிரப்புவர். அணிந்த மாணவன் எது கல், எது கற்பனை என்று பிரித்தறிய வழியில்லை. அத்தகைய முயற்சி இங்கு மேற்கொள்ளப்படுமாயின், சான்றுள்ள கல்லை அதன் நிறத்திலும், ஊகித்தவற்றை வெறுங் கோட்டுருவாகவும் காட்டுதல் வேண்டும் என்பது எம் கருத்து. சதர்லாந்தின் கோட்டுக் கனசதுரம் அதற்குக் குறைவில்லாத முன்மாதிரி.

திருஞானசம்பந்தர் கோணமலைப் பதிகத்தை இராமேச்சுரத்தில் நின்றே பாடினார் எனச் சேக்கிழார் கூறுவர். கடல் கடந்து வந்து கண்ணாற் கண்டாரல்லர். பதிகமோ கோயிலைக் கடலோடும் அலையோடும் சேர்த்தே காட்டுகின்றது. அவர் பாடிய அலை இன்றும் அப்பாறையில் மோதுகின்றது.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின், முதலிற் குறிப்பிட்ட மாணவனை அழைத்து, 64 பாகைக் கணக்கையும் 97 பாகை எல்லையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அவன் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, தான் கடலில் தலையை ஒருபுறமிருந்து மறுபுறம் இடைவிடாது திருப்பிக்கொண்டே இருப்பது வழக்கம் என்றும், அவ்வாறு செய்யாதவனுக்குப் பக்கத்தில் வருவது தெரியாது என்று தந்தை சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறினான். தலையணிக் கருவியை அணிந்தபோது அவன் அவ்வாறே செய்தான் என்பது அப்பொழுதுதான் எமக்கு நினைவிற்கு வந்தது.